பூட்டு மிஸ்ஸும் பதினாலாம் கேள்வியும்

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அறைவாசலில் மாட்டியிருந்த பலகையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. "பூட்டு மிஸ்" என்றால்தான் கேட்டுக்கு வெளியே ஐஸ் விற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

இடுப்பில் ஒரு வளையம், வளையத்தில் இருபத்தேழு சாவிகள். நூலகத்துக்கு ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு, முதலுதவிப் பெட்டிக்கு ஒன்று, சாக்பீஸ் அலமாரிக்கு ஒன்று. விளையாட்டுச் சாமான் அறைக்கு ஒன்று; உள்ளே ஆறு கால்பந்துகள் ஒரு உதைகூட வாங்காமலே காற்றுப்போய்ப் படுத்திருந்தன. எதற்கென்றே தெரியாத சாவிகள் நான்கு. அவற்றையும் யாரிடமும் கொடுத்ததில்லை. எதற்கென்று தெரியாததாலேயே அவற்றின் மேல் அவருக்குக் கூடுதல் சந்தேகம்.

வராண்டாவில் இரண்டு ஆசிரியர்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் நின்றால், தன்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். டீ நன்றாக இருந்தால் பியூன் லீவு கேட்கப் போகிறார். மோசமாக இருந்தால், போன தடவை லீவு கொடுக்காததற்குப் பழிவாங்குகிறார். ஒரு பையன் பல்லெல்லாம் தெரிய "குட் மார்னிங் மிஸ்" என்றால் அவன் பையைத் திறக்கச் சொல்வார். மூன்றில் ஒரு தடவை பைக்குள் ஏதாவது இருக்கவும் செய்யும். அதுதான் தொல்லை. எல்லாத் தடவையும் வெறும் பையாக இருந்திருந்தால் எப்போதோ திருந்தியிருப்பார்.

சத்தம் கேட்கக்கூடாது என்று ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பார். சாவிகள் காட்டிக்கொடுத்துவிடும். சாவிகளின் மேல் கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தார். அப்போதும் கேட்டது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒருத்தி நான்கு தகரக் கரண்டிகளை நூலில் கட்டி வைத்திருந்தாள். பக்கத்து வகுப்பு கூச்சல் போட்டால் ஜன்னலோரம் லேசாக ஒரு குலுக்கு. மாடி முழுக்க மூச்சு நின்றுவிடும், ஆசிரியர்கள் உட்பட.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நடக்கக்கூடாது. "யாரு சொல்லாம கொள்ளாம இந்த ஜன்னலைத் திறந்தது?" "சொல்லாம கொள்ளாம பெஞ்சை மாத்திப் போட்டிருக்கீங்க!" மழை வந்தால்கூட, "பாருங்க, சொல்லாம கொள்ளாம வந்துடுச்சு" என்பார், மழை முன்கூட்டியே விண்ணப்பம் எழுதித் தந்திருக்க வேண்டும் என்பதுபோல.

யாராவது ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு அவரே போவார். வேறு யாரையாவது அனுப்பினால் அவர்கள் அங்கே என்ன பேசுவார்களோ! வாரத்துக்கு ஏழெட்டு வகுப்பு அப்படிப் போகும். போன வேகத்தில் அன்றைய பாடம் எதுவோ அதை நடத்தி முடித்துவிட்டு வருவார். எங்கே என்ன சொன்னோம் என்பது மறுநாள் நினைவில் இருக்காது.

சாவிக்கொத்தோடு யாரும் பிறப்பதில்லை. இருபத்தாறு வயதில் அவர் வேறொரு ஊரில் சரித்திர டீச்சர். ராஜாக்களை நடித்துக் காட்டித்தான் பாடம் நடத்துவாராம். ஒரு ராஜா போர்க்களத்தில் சாகிற காட்சிக்குக் கிரீடம் வேண்டும் என்று குப்பைக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டதில், கூடை காதோடு சிக்கி, ராஜா செத்தும் கிரீடம் கழலாமல், கடைசியில் தலைமையாசிரியர் வந்து இழுத்து எடுத்தார். அன்றைய பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் அவருக்கு ஒரு தோழி. இருவருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா. காய்ச்சலில் விழுந்த ஒரு வாரம் தன் மேசைச் சாவியைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். திரும்பி வந்தால், மதிப்பெண் பதிவேட்டில் தோழியின் அக்கா மகனுக்கு மட்டும் இருபது மார்க் கூடியிருந்தது. எழுத்து அச்சு அசலாக இவருடையதைப் போலவே. விசாரணையில் தோழி வாயே திறக்கவில்லை. சாவி யாருடையது என்று மட்டும்தான் கேட்டார்கள். மாற்றல் உத்தரவு இவருக்கு வந்தது. அன்றிலிருந்து சாவி இடுப்பில், குப்பைக்கூடை தரையில்.

இப்போது விஷயத்துக்கு வரலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை, அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள் கட்டுகள் திரும்பி வந்தன. சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வித்தாள். ஒரு பள்ளியின் தாளை வேறொரு பள்ளி திருத்தும். எட்டு 'பி' அறிவியல் கட்டின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது. 'கேள்வி 14. முப்பத்தொரு மாணவர்களும் சொல் பிசகாமல் ஒரே தவறான விடையை எழுதியுள்ளனர். கவனிக்கவும்.'

கேள்வி, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்பது. நான்கு மதிப்பெண். முப்பத்தொரு தாளிலும் இருந்த விடை இது: 'பூமியின் நிழல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிலவின் மேல் விழுகிறது. அதனால் நிலவு தேய்கிறது. நிழல் விலகியதும் வளர்கிறது.'

"சரியாத்தானே எழுதியிருக்குதுங்க?" என்று பூட்டு மிஸ் வாய்விட்டே சொன்னார். பிறகு விடைக்குறிப்பைப் பார்த்தார். பூமியின் நிழலுக்கும் நிலவு தேய்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அறிவியல் அவர் பாடமில்லை. திருடனைப் பிடிப்பதுதான் அவர் பாடம்.

தேர்வன்று யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற வரைபடத்தை எடுத்து விரித்தார். எட்டு 'பி' பிள்ளைகளை நான்கு அறைகளில் பிரித்து, பெஞ்சுக்கு ஒருவராக, இரண்டு பக்கமும் வேறு வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தது அவரேதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியில்லை. ஆக, கேள்வி முன்பே கசிந்திருக்கிறது. விடையையும் யாரோ மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். எட்டு 'பி'க்கு அறிவியல் எடுப்பது யார்? நெட்டை சார்.

நெட்டை சார் வந்து பதினோரு மாதம் ஆகிறது. கதவில் நுழையும்போது தலையைக் குனிந்து குனிந்து, கதவில்லாத இடத்திலும் குனிந்தே நடக்கிற மனிதர். வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. தற்காலிக வேலை. அவரை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியையின் அறிக்கை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும். 'வேண்டாம்' என்று எழுதினால் அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. இந்தப் பள்ளியில் மட்டுமல்ல, கேள்வித்தாளைக் கசியவிட்டவர் என்ற பெயரோடு எந்தப் பள்ளியிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை ஆரம்பமானது. முதல் ஆளாக, கரண்டிக்காரியையே கூப்பிட்டார். அவளுக்கு வகுப்பில் பெயர் 'ரேடியோ'. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள்.

"உட்காரு."

"பரவால்ல மிஸ்."

"உட்காருன்னேன்."

ரேடியோ நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"பதினாலாவது கேள்விக்கு விடை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல மிஸ். நோட்டுல இருந்துச்சு, படிச்சோம்."

"நோட்டுல எழுதிப் போட்டது யாரு?"

ரேடியோ மின்விசிறியைப் பார்த்தாள். சாவிக்கொத்தைப் பார்த்தாள். பூட்டு மிஸ்ஸின் முகத்தை, ஏதோ காயத்தைப் பார்ப்பதுபோல ஒரு நொடி பார்த்தாள்.

"மறந்துடுச்சு மிஸ்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்தப் பையன் எந்த பெஞ்சில் வாந்தி எடுத்தான் என்று தேதியோடு சொல்கிற பெண்ணுக்கு மறந்துவிட்டதாம்! பின்னால் வந்த முப்பது பேருக்கும் மறந்துதான் போயிருந்தது. கடைசியாக வந்த பொடியன் மட்டும், "மிஸ், இது நெஜமாவே தெரியாமத்தான் கேக்குறீங்களா?" என்றான்.

"என்னடா, கிண்டலா?"

"ஐயோ இல்ல மிஸ். மறந்துடுச்சு மிஸ்."

நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பதினேழு பேருடைய நோட்டு ஒரே நாளில் தொலைந்திருந்தது. மீதிப் பதினான்கு நோட்டிலும் ஒரே ஒரு பக்கம் மட்டும் ஒட்டக் கிழிக்கப்பட்டிருந்தது. இத்தனை ஒற்றுமையை அந்தப் பள்ளி அதற்கு முன் பார்த்ததில்லை.

மதியம் கணக்கு டீச்சர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டார். "நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம் மேடம். அந்த சார் பசங்ககிட்ட ரொம்பச் சிரிச்சுப் பேசுறாரு."

"நீங்க ஏன் இதை இப்ப வந்து சொல்றீங்க?"

தலை வெளியே போய்விட்டது. பூட்டு மிஸ் இரண்டு பேரையும் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பியூன் டீ கொண்டுவந்தார். வைத்துவிட்டுப் போகாமல் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"டீ இன்னைக்கு நல்லா இருக்கு. எத்தனை நாள் லீவு வேணும்?"

பியூன் சுருக்கத்தைக் கடைசியாக ஒரு தடவை நீவினார். "ஒண்ணும் இல்லைங்கம்மா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை நெட்டை சாருடைய முறை. குனிந்தபடி வந்தார், குனிந்தபடி உட்கார்ந்தார்.

"கேள்வியை நீங்க சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"அந்த விடை?"

"அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல."

"அப்ப யாரு?"

"தெரியும்னு சொன்னா, யாருன்னு கேப்பீங்க."

"கேக்கத்தான் செய்வேன்."

"அப்ப தெரியாதுன்னே வச்சுக்குங்க மேடம்."

"யாரையோ காப்பாத்தப் பாக்குறீங்க."

"என்னையும் சேத்துத்தான்" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று பூட்டு மிஸ் முடிவு கட்டினார். விசாரணையில் வாய் திறக்காதவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வயதிலேயே தெரியும். வியாழக்கிழமை மாலை அறிக்கையை எழுதினார். கடைசி வரி: 'மேற்படி ஆசிரியர் நம்பிக்கைக்கு உரியவர் அல்லர்.' உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டியது ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒரே ஒரு விடைத்தாளை மட்டும் பைக்குள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடி வில்லையைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஊரிலுள்ள பாதிப் பேர் அவர் தேய்த்ததன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். மாலை வெயில் சமையலறை ஜன்னலில் விழ, அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நிலா ஏன் தேயுது?"

"வேளாவேளைக்குச் சாப்பிடாமத்தான்."

"விளையாடாதீங்க."

"பூமியோட நிழல் விழுது. அதான்."

"பாத்தீங்களா! நானும் அப்படித்தானே நெனச்சேன்? தப்பாம்."

"தப்பா? சரி விடு. இத்தனை வருஷம் தப்பாத் தெரிஞ்சு வச்சிருந்தும் நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடல."

பூட்டு மிஸ் விடைத்தாளை நீட்டினார். அவர் விரலைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். தோள் குலுங்கியது. பட்டாணி நாலைந்து தரையில் உருண்டது.

"என்ன சிரிப்பு?"

"ஏம்மா, இது நீதானே?"

"எது?"

"'சொல்லாமல் கொள்ளாமல் வந்து.' பாவம், ஒரு நிழலைப் போய் உலகத்துல வேற யாரு இப்படித் திட்டுவா? நேத்து பக்கத்து வீட்டுப் பூனையத் திட்டின. முந்தாநாள் என் தங்கச்சி வந்ததுக்கு என்னைத் திட்டின. ரெண்டுக்கும் இதே வார்த்தை."

"எல்லாரும்தான் அப்படிச் சொல்றாங்க."

"நான் சொல்லிக் கேட்டிருக்கியா?"

பூட்டு மிஸ் யோசித்தார். கேட்டதில்லை. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யோசித்த மாத்திரத்தில் வேறொரு சந்தேகம் வந்தது. "உங்ககிட்ட யாராவது வந்து ஏதாவது பேசினாங்களா? பியூன் கடைக்கு வந்தாரா?"

"வந்தாரு. கண்ணாடிக்கு ஸ்க்ரூ கழண்டிருந்துச்சு. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. ஒண்ணும் பேசல. அப்புறம்," அவர் குனிந்து பட்டாணியைப் பொறுக்கினார், "சொல்லாம கொள்ளாமப் போயிட்டாரு."

வெள்ளிக்கிழமை காலை, கேட் திறக்கும் முன்பே பூட்டு மிஸ் பள்ளியில் இருந்தார். எந்த ஆசிரியர் என்றைக்கு லீவு, அந்த வகுப்புக்கு யார் போனார்கள், என்ன நடத்தினார்கள் என்று எழுதுகிற பதிவேடு ஒன்று உண்டு. அது அவர் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தது. பன்னிரண்டாம் சாவி. அந்த அலமாரியை அவரைத் தவிர யாரும் திறந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முந்தைய பக்கம். நெட்டை சார், விடுப்பு. எட்டு 'பி', மூன்றாம் பிரிவேளை. நடத்திய பாடம்: நிலவு, முழுவதும் முடிந்தது. பக்கத்தில் ஊதா மையில், வால் நீண்ட ஒரு சுருக்கக் கையெழுத்து. அந்தப் பள்ளியில் ஊதா மை வைத்திருப்பது ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் வைத்திருக்கக்கூடாது என்று சுற்றறிக்கையே இருக்கிறது.

நாலு நாளாகத் தேடிய திருடனை அவர் பிடித்துவிட்டார்.

பதிவேட்டை அவர் மட்டும்தான் பார்க்க முடியும். அந்த ஒரு பக்கத்தை ஒட்டக் கிழித்துவிட்டால் போதும். எட்டு 'பி' பிள்ளைகள் அந்த வேலையை அழகாகச் செய்துகாட்டியிருந்தார்கள். உறை ஒட்டித் தயாராக இருக்கிறது. நெட்டை சாரும் வாய் திறக்கப் போவதில்லை. விரல் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தும்விட்டது.

அப்போது தோழியின் முகம் நினைவுக்கு வந்தது. விசாரணை அறையில், சுவரோரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம். இத்தனை வருஷமும் அந்த முகத்தில் அவர் பார்த்தது திருட்டுத்தனத்தை மட்டும்தான். இப்போதுதான் அதில் ஒரு நடுக்கமும் தெரிந்தது. தெரிந்ததற்காக மன்னித்துவிடவெல்லாம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்கார அவருக்கு இஷ்டமில்லை.

கதவில் பியூன். "அம்மா, உறையைக் குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன். பன்னெண்டு மணிக்கு ஆபீசை மூடிடுவாங்க."

"நில்லுங்கண்ணே. அந்த சாரை வரச் சொல்லுங்க."

நெட்டை சார் வந்தார். மேசையின் மேல் பதிவேடு திறந்து கிடந்ததைப் பார்த்ததும் முதல் தடவையாக நிமிர்ந்தார். நிமிர்ந்தால் இவ்வளவு உயரமா என்று பூட்டு மிஸ்ஸுக்கே ஆச்சரியம்.

"அன்னைக்கு நீங்க லீவு."

"பாப்பா பொறந்தது அன்னைக்குத்தான் மேடம்."

"திரும்பி வந்ததும் பசங்க நோட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏன் திருத்தல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு முந்தின வாரம்தான் மேடம், நீங்க போர்டுல எழுதி வச்சிருந்ததைக் கணக்கு டீச்சர் தெரியாம அழிச்சிட்டாங்க. ரெண்டு பக்கம் விளக்கம் எழுதி வாங்கினீங்க. எனக்குக் கையெழுத்து சுமாராத்தான் வரும்."

பூட்டு மிஸ்ஸுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்து, வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டோம் என்று திரும்பிப் போனது.

"ஆனா திருத்தியிருக்கணும்," என்றார் நெட்டை சார். "நாலு மார்க்கு அதுங்களுக்குத்தான் போச்சு. நீங்க தெரியாமச் சொன்னீங்க. நான் தெரிஞ்சே விட்டேன். அதான் அன்னைக்கு என்னையும் சேத்துன்னு சொன்னேன்."

"வாங்க," என்று பூட்டு மிஸ் எழுந்தார்.

எட்டு 'பி' அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"அந்தப் பாடத்தை நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்."

இதில் பொறி எங்கே இருக்கிறது என்று முப்பத்தொரு ஜோடிக் கண்கள் தேடின. கடைசி பெஞ்சில் ஒருவன் எதற்கும் இருக்கட்டும் என்று தன் பையைக் காலால் உள்ளே தள்ளினான்.

"அது நான்தான்னு யார்யாருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க."

முதலில் ரேடியோவின் கை, அதுவும் முழங்கை வரைக்கும்தான். பிறகு ஒன்றொன்றாக எல்லாக் கைகளும். எண்ணினால் முப்பத்திரண்டு வந்தது. திரும்பிப் பார்த்தார். கதவோரம் பியூனும் தூக்கியிருந்தார்.

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

பொடியன்தான் பேசினான். "நீங்க அன்னைக்கு உள்ள வரும்போதே 'யாரும் வாயைத் திறக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டுத்தானே மிஸ் ஆரம்பிச்சீங்க?"

"பக்கத்தைக் கிழிச்சது?"

"நீங்க பாத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் மிஸ்," என்றாள் ரேடியோ.

"பொய் மிஸ்," என்றது ஒரு குரல். "அடி விழும்னுதான்."

"ரெண்டும்தான்டா!" என்றாள் ரேடியோ. வகுப்பு சிரித்தது. தன் முன்னால் இந்த வகுப்பு சிரித்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் கையை வைத்தார். சாவிகள் தட்டுப்பட்டன.

"அண்ணே, ஒரு பந்து எடுத்துட்டு வாங்க." வளையத்தைக் கழற்றி முழுசாக நீட்டினார்.

பியூன் வாங்கவில்லை. "எல்லாமுங்களா?"

"ஒண்ணை மட்டும் கழட்டினா நகம் உடையும். எடுத்துட்டுப் போங்க."

பாம்பை வாங்குவதுபோல இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார். காற்றடித்த பந்து வர இருபது நிமிஷம் ஆனது. நெட்டை சார் ஒரு ஜன்னலைத் தவிர மற்றவற்றை மூடினார். "மேடம், ஜன்னல்தான் சூரியன். பந்து நிலா. உங்க தலைதான் பூமி. பந்தைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே மெதுவாச் சுத்துங்க. பந்துல வெளிச்சம் எவ்வளவு தெரியுதுன்னு மட்டும் பாருங்க."

அவர் சுற்றினார். ஜன்னலைப் பார்த்து நின்றபோது பந்து இருட்டாக இருந்தது. மெல்லத் திரும்பிக்கொண்டே வர, ஓரத்தில் ஒரு கீற்று, பிறகு பாதி, பிறகு முக்கால். எந்த நிழலும் எங்கிருந்தும் வரவில்லை. வெளிச்சம் எப்போதும் பாதிப் பந்தில் இருந்துகொண்டேதான் இருந்தது. நின்ற இடத்திலிருந்து அதில் எவ்வளவு கண்ணில் படுகிறது என்பதுதான் மாறியது. ஜன்னலுக்கு முதுகு காட்டியபோது அவர் தலையின் நிழல் பந்தில் விழுந்தது. "நிழல்!" என்று கத்தினான் பொடியன்.

"அது கிரகணம்டா. கொஞ்சம் உசத்திப் பிடிங்க மேடம்."

உயர்த்தினார். பந்து முழுக்க வெளிச்சம். "அட," என்றார் பூட்டு மிஸ், முப்பது வருஷம் ஆசிரியராக இருந்தவர் சொல்லக்கூடாத தொனியில்.

பதினொன்றே காலுக்குப் புது அறிக்கை எழுதினார். பதிவேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்தார். 'தவறு என்னுடையது. தவறென்று தெரிந்தும் திருத்த அஞ்சினார் என்பது ஆசிரியர் மீதுள்ள குறை. அஞ்ச வைத்தது என் குறை. அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.' பியூன் சைக்கிளில் பறந்தார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் உறை உள்ளே போனது.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நெட்டை சார் நிரந்தரம். தலைமையாசிரியை ஓராண்டுக்குக் கண்காணிப்பில் இருப்பார். பிள்ளைகளுக்கு நாலு மார்க் திரும்பக் கிடைக்காது. ஊரையே கண்காணித்தவரை இப்போது மாதம் ஒருமுறை ஒருவர் வந்து கண்காணித்தார். ரப்பர் செருப்புதான் போட்டுக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு பள்ளி ஒரே நாளில் சொர்க்கமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாவிக்கொத்து ஆசிரியர் அறையில் ஓர் ஆணியில் தொங்கியது. ஒரு வாரம் ஒருவரும் அதைத் தொடவில்லை. யார் முதலில் தொடுகிறார்கள் என்று எங்கிருந்தோ பார்க்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சாக்பீஸ் அலமாரி திறந்து கிடந்தும் கணக்கு டீச்சர் கடையில் வாங்கி வந்தார். லீவு பதிவேடும் அதே அறையின் மேசைக்கு வந்தது. அதில் ஊதா மையில் புதிதாக ஒரு கட்டம்: 'தவறாகச் சொல்லியிருந்தால், திரும்பி வந்த ஆசிரியர் திருத்தியது.' ஆறு வாரம் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. ஏழாம் வாரம் கணக்கு டீச்சர் ஒரு வரி எழுதினார், அதுவும் தன்னைப் பற்றி. பூட்டு மிஸ் அதைப் படித்துவிட்டு, இவர் ஏன் இப்போது இதை எழுதுகிறார் என்று அரை நாள் யோசித்தார். பிறகு எழுந்து போய் அவரிடமே கேட்டார். கேட்டதே பெரிய விஷயம்.

டீயை இன்னும் முகர்ந்துதான் குடிக்கிறார். ஆனால் குடித்து முடித்த பிறகு, "ஏதோ சொல்ல வந்தீங்களேண்ணே?" என்று கேட்கிறார். பெரும்பாலும் லீவுதான்.

அடுத்த பருவத்தில் ஒருநாள் சரித்திர டீச்சர் வரவில்லை. எட்டு 'பி'க்குப் பூட்டு மிஸ் போனார். பாடம் ஒரு ராஜாவின் கடைசிப் போர். "அவருக்கு ரெண்டு தம்பிங்க," என்று ஆரம்பித்ததுமே ரேடியோ எழுந்தாள்.

"மிஸ், அது தப்பு. மூணு."

வகுப்பின் மூச்சு நின்றது. பூட்டு மிஸ்ஸின் கை இடுப்புக்குப் போனது. அங்கே சாவி இல்லை. வந்த கோபம் எங்கே உட்காருவதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றது.

"புத்தகத்தை எடு. பாப்போம்."

இருவரும் தலையோடு தலை முட்ட வரி வரியாகப் பார்த்தார்கள். இரண்டு தம்பிதான். ரேடியோவின் முகம் சுண்டிப்போனது.

"தப்பாத்தான் சொன்ன," என்றார் பூட்டு மிஸ். "ஆனா சொல்லாம கொள்ளாம இருந்துடல, சொன்ன. உட்காரு."

பிறகு அறை மூலைக்குப் போனார். குப்பைக்கூடையை எடுத்தார். காலியாகத்தான் இருந்தது. ஆனாலும், எட்டு 'பி' ஆயிற்றே, உள்ளே எவனாவது எதையாவது வைத்திருப்பானோ என்று தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

சந்தேகம் தீராமலேயே அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"இப்ப ராஜா எப்படிச் செத்தார்னு பாக்கலாம்," என்றது கூடைக்குள்ளிருந்து ஒரு குரல்.